உன் நம்பர் எனக்கு எதுக்கு மச்சி?

"மச்சி, உன் பிஐடி நம்பர் மூணையும் அனுப்பு." மாசத்துக்கு ஒருத்தனாவது இப்படிக் கேக்குறான். இனிமே யாருக்கும் அனுப்புறதா இல்லை. ஏன்னு சொல்றேன், அப்புறம் திட்டுங்க :-)

போன மார்கழியில் கம்பைநல்லூர் வீட்டில் முட்டை பொரிக்க ஒரு பெட்டி செஞ்சேன். தெர்மாகோல் பெட்டி, 100 வாட் ஹீட்டர், சின்ன ஃபேன், ஒரு பிஐடி கன்ட்ரோலர். நாட்டுக்கோழி முட்டைக்கு 37.5 டிகிரி, 21 நாள். அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சுற நண்பன்கிட்டயும் அதே கன்ட்ரோலர்தான். பார்லி ஊறுற வெந்நீரை 66 டிகிரியில் ஆடாம அசையாம நிறுத்துவான். அவன்கிட்ட நம்பர் வாங்கினேன். அப்படியே அடிச்சேன். பொட்டி தட்டுறவன் புத்தி, வேற என்ன!

அவனோடது 40 லிட்டர் தண்ணி. என்னோடது வெறும் காத்து. தண்ணி மெதுவா சூடேறும், மெதுவா ஆறும். அதுக்குப் போட்ட 'பி' என் பெட்டியில் ஹீட்டரை முழு வேகத்தில் ஓட்டிச்சு. 'ஐ'ன்னா மளிகைக்கடை பாக்கி நோட்டு மாதிரி, குறையுற டிகிரியை எல்லாம் கூட்டிக்கிட்டே போகும். விடியக்காலைக் குளிர்ல ஆரம்பிச்சேனா, பாக்கி மலையா குவிஞ்சிருச்சு. 37.5 தொட்ட பிறகும் வசூல் நிக்கலை. குளிர வைக்க பெட்டியில் எதுவும் கிடையாது. நான் தூங்கி எழுந்து பார்த்தப்ப 41.

அம்மா சேர்த்து வச்ச 24 முட்டையில் பொரிச்சது 3. அம்மா திட்டலை. "கோழியே அடைகாத்திருக்கும்ல சாமி" என்று மட்டும் சொன்னாங்க. அதுதான் சுருக்குன்னு குத்துச்சு.

எஞ்சினியரிங் படிச்சவன் நான். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் பாஸ். லேபில் ஒரு ஹீட்டரைக்கூடத் தொட்டதில்லை, சீனியர் ரெக்கார்டைப் பார்த்து கர்வ் வரைஞ்சு கையெழுத்து வாங்கினோம். நம்பர் கேக்குறதும் அதே ரெக்கார்ட் காப்பிதான். சீக்லரும் நிக்கோல்ஸும் 1942ல் கொடுத்த ஃபார்முலாவே என்ன சொல்லுது? முதல்ல உன் சிஸ்டத்தை ஆடவிட்டு, ஒரு ஆட்டத்துக்கு எத்தனை நொடின்னு அளந்துட்டு வா என்கிறது. அளக்காதவனுக்கு அதில் ஒண்ணுமே இல்லை.

இன்னொண்ணு. ஹீட்டர் பவர் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. சாயங்காலம் எங்க வீட்டில் 230 போய் 180 ஆகும்போது, 100 வாட் ஹீட்டர் 61 வாட்தான். காலையில் சரியா இருந்த நம்பர் என் வீட்டிலேயே சாயங்காலம் தப்பு. இதில் அமெரிக்கா நம்பர் எங்கே செல்லும்?

ரெண்டாவது தடவை முட்டைக்குப் பதிலா தண்ணி பாட்டில் வச்சேன். சென்சாரை ஹீட்டர் பக்கத்திலிருந்து முட்டை மட்டத்துக்கு மாத்தினேன். 'ஐ', 'டி' ரெண்டையும் சைபர் ஆக்கிட்டு, 'பி'யை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினேன். ஆட ஆரம்பிச்ச இடத்தைக் குறிச்சு, அதில் பாதிக்கும் கீழே நிறுத்தினேன். 37.5க்கு 2 டிகிரி கிட்ட வந்த பிறகே 'ஐ', அதுவும் துளியூண்டு. 'டி' சைபராவே இருக்கட்டும்னு விட்டுட்டேன். ரெண்டு நாள் நோட்டில் எழுதிப் பார்த்துட்டுத்தான் முட்டை வச்சேன். 24க்கு 19.

அந்த நம்பர் என்னன்னு சொல்ல மாட்டேன். நோட்டும் பேனாவும் வேணும்னா வாங்கித் தர்றேன்.

டிஸ்கி: பீர் ரெசிபி கேக்காதீங்க. 1937ல் ராஜாஜி மதுவிலக்கை முதல்ல கொண்டுவந்ததே அன்றைய சேலம் ஜில்லாவில்தான், எங்க தருமபுரியும் அப்போ அதுக்குள்ளதான். வீட்டில் காய்ச்ச இன்னிக்கும் சட்டம் விடாது. நமக்குக் கோழிக்குஞ்சு போதும்.