தொங்கு மரமும் மாந்தளிரும்

கருவடிக்குப்பத்தில் புதிதாக வீடு கட்டிய நண்பர் ஒருவர், ஐரோப்பியத் தோட்டமொன்றின் படத்தைக் காட்டி, வெள்ளிபோல் வெளுத்த பட்டையும் தரையைத் தீண்டுமாறு தாழ்ந்த மெல்லிய கிளைகளும் உடைய தொங்கு பிர்ச் மரத்தைத் தம் வாசலில் வளர்த்தே தீருவதென்று சொன்னபோது, அவருடைய சௌந்தரிய வேட்கையை மெச்சினேனேயன்றி, அந்த யோசனைக்கு இசைய என்னால் இயலவில்லை.

பிர்ச் பாரதத்துக்கு முற்றிலும் அந்நியமான விருட்சமன்று. இமயத்தின் உயர்ந்த சாரல்களில், ஏறத்தாழ 3,000 மீட்டருக்கு மேல் வளரும் அதன் இனத்தையே வடமொழியாளர் பூர்ஜம் என்றனர்; காகிதம் பரவுமுன் காஷ்மீரத்துப் பண்டிதர்கள் எழுதியது அதன் பட்டையில்தான்; 1881இல் பக்ஷாலியில் கிடைத்த புராதன கணிதச் சுவடியும் பூர்ஜப் பட்டையே. ஆயினும், பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி, குளிர்ந்த மண்ணில் மேலோட்டமாக வேர்விடும் அம்மரத்தை, உறைபனியையே அறியாத நம் கடலோரச் சீதோஷ்ணத்தில் நட்டு, சித்திரை வெயிலில் அது கருகுவதைப் பார்த்து நிற்பது ஜீவகாருண்யமாகாது. அதற்குப் பதிலாக அசோகமென்ற பெயரில் பலர் வாங்கி வைக்கும் நெட்டிலிங்கமோ, கிளை தொங்கினாலும், ஒருவர் நின்று இளைப்பாற நிழல் தராது.

தாழ்ந்து தொங்கும் அழகுதான் வேண்டுமென்றால், மாமரம் துளிர்க்கும் நாட்களில் அதனடியில் சற்று நின்று பாருங்கள். தாமிர வர்ணத்தில், கொத்துக் கொத்தாக, உயிர் சோர்ந்ததுபோல் துவண்டு தொங்கும் அத்தளிரை விரலால் வருடினால், நரம்பில் இன்னும் உறுதியேறாமையால் நனைந்த பட்டைப்போல் குழையும். நாளேற ஏறச் செம்மை வெளிறி, பச்சை படர்ந்து, இலை மெல்ல நிமிரும். பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

மாமரத்தின் மகிமையைக் கருவடிக்குப்பத்தாருக்கு எடுத்துரைக்கவும் வேண்டுமோ? 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார் வந்து உலவிய குயில் தோப்பு, சித்தானந்த சுவாமிகள் கோயிலை அடுத்து இவ்வூரிலேதான் இருந்தது. 'குயில் பாட்டு' எழுந்ததும் அந்த மாஞ்சோலையின் தொடர்பால்தான். 2011 டிசம்பர் 30இல் வீசிய தானே புயல் சாய்த்த மரங்களுக்கு ஈடுசெய்யும் கடனும் நமக்கு இருக்கிறது.

ஆகையால், இவ்வூரில் மனை வாங்குவோர் அனைவரையும் வேண்டுகிறேன்: மதிலிலிருந்து பதினைந்தடி விட்டு, மூன்றடிக் குழியெடுத்து ஆறப்போட்டு, ஐப்பசி மழைக்கு முன் ஒரு மாங்கன்று வையுங்கள்.