ஊற்றுக்கண்ணைக் காப்பது யார்?

காவிரி நடுவர் மன்றம் 2007-ல் அளித்த இறுதித் தீர்ப்பில் கேரளத்துக்கு ஒதுக்கப்பட்ட நீர் 30 டி.எம்.சி. இதில் கபினிப் படுகைக்கு 21, பவானிக்கு 6, பாம்பாற்றுக்கு 3. இந்த ஒதுக்கீட்டில் உச்ச நீதிமன்றமும் 2018-ல் கை வைக்கவில்லை. பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி வழியாகப் பவானியும், இடுக்கி மாவட்டத்தின் மறையூர் மலைப்பகுதி வழியாகப் பாம்பாறும் தமிழகத்தை அடைகின்றன. நீரின் அளவைப் பற்றி இவ்வளவு வாதிட்ட மாநிலங்கள், அந்த நீர் எப்படி உண்டாகிறது என்பது குறித்து ஒருமுறைகூட ஒன்றாக அமர்ந்து பேசியதில்லை என்றே சொல்லிவிடலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் உருகுவதற்குப் பனிச்சிகரங்கள் இல்லை. கோடையிலும் வற்றாத ஓடையில் ஓடுவது, பருவமழையின்போது சோலைக்காடுகளும் புல்வெளிகளும் மண்ணுக்குள் இறக்கிய மழைநீரே. அது பாறை வெடிப்புகளில் தங்கி, மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் கசிகிறது. புல்வெளிகளில் சீகை மரங்களும் தைல மரங்களும் நடப்பட்டபோது இந்தச் சேமிப்பில் முதல் ஓட்டை விழுந்தது.

இப்போது பருவநிலை மாற்றம் அந்த ஓட்டையைப் பெரிதாக்குகிறது. பல வாரங்கள் சீராகப் பெய்ய வேண்டிய மழை சில நாள்களில் கொட்டித் தீர்த்தால், மண்ணுக்கு உறிஞ்ச அவகாசம் இருப்பதில்லை. 2018 ஆகஸ்டில் கேரளத்தை மூழ்கடித்த வெள்ளம் வடிந்த சில வாரங்களிலேயே அம் மாநிலத்தின் ஆறுகளிலும் கிணறுகளிலும் நீர்மட்டம் சரிந்தது. வெள்ளமும் வறட்சியும் ஒரே ஆண்டில், ஒரே இடத்தில்!

நிலைமை கைமீறிவிடவில்லை. அட்டப்பாடியின் கிழக்கே, தமிழக எல்லையை ஒட்டி ஓடும் கொடுங்கரைப்பள்ளம் காடழிப்பால் வறண்டு கிடந்தது. ஜப்பானியக் கடனுதவியுடன் 1990-களில் தொடங்கிய மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டத்தில் மரங்கள் வளர்க்கப்பட்டு, தடுப்பணைகள் கட்டப்பட்ட பிறகு அதில் மீண்டும் நீரோட்டம் வந்தது.

தில்லியின் வேகமோ வேறு. காட்கில் குழு 2011-லும், கஸ்தூரிரங்கன் குழு 2013-லும் அறிக்கை அளித்தன. இடுக்கியில் மூண்ட எதிர்ப்பு 2014 மக்களவைத் தேர்தல் முடிவையே மாற்றியது. பட்டா நிலம் பறிபோகுமோ என்ற குடியேற்ற விவசாயிகளின் அச்சத்தை வெறும் அரசியல் என்று ஒதுக்கிவிட முடியாது. அதைப் போக்கும் பொறுப்பு மத்திய அரசுக்கு இருந்தது. ஆனால், வரைவு அறிவிக்கைகள்தான் மாறி மாறி வந்தன. ஆறாவது வரைவு வெளியான நாள் 2024 ஜூலை 31. வயநாடு நிலச்சரிவுக்கு மறுநாள்.

அமராவதி, பவானிசாகர் அணைகளின் நீர்வரத்தைக் கேட்டுப் பெறும் தமிழக எம்.பி.க்கள், அவற்றின் ஊற்றுகளைக் கணக்கெடுத்துப் பாதுகாக்கும் கூட்டுத் திட்டத்தையும், அதற்கு மலைவாழ் விவசாயிக்குத் தரவேண்டிய ஈட்டுத்தொகையையும் நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும்.