பண்டிகையைப் பறித்தது யார்?

தீபாவளி நெருங்கினால் நம் லைன் வீடுகளில் ஒரு பழைய சண்டை கிளம்புகிறது.

"அந்த வருஷம் நீ வரவில்லை. உன் பெயரைச் சொல்லிக்கொண்டேதான் அம்மா கண்ணை மூடினாள்" என்கிறான் ஊரில் இருக்கும் தம்பி. "நீ ஏன்டா வந்தாய்? நீ கொண்டுவந்த காய்ச்சல்தானே அப்பாவைக் கொண்டுபோயிற்று" என்கிறாள் இன்னொரு வீட்டில் அக்காள். அந்த வருஷம் என்றால் எந்த வருஷம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. 2020, அதை அடுத்து வந்த 2021. கொரோனா வருஷங்கள்.

வராதவனும் குற்றவாளி, வந்தவனும் குற்றவாளி. இத்தனை ஆண்டு ஓடிய பிறகும் அண்ணன் தம்பி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒரே வயலில் நடவுக்கு இறங்கும் அக்காளும் தங்கையும் எதிரெதிர் வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார்கள். சங்க ஆபீசுக்கு வரும் தோழர்கள் கூலிப் பிரச்னையைப் பேசி முடித்து, எழுந்து போகிற சமயத்தில் தயங்கித் தயங்கி இதைச் சொல்கிறார்கள்.

இது வீட்டு விவகாரம்தானே, பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது, தோழர்களே. தொழிலாளி வீட்டில் நடக்கும் சண்டைக்கு மூலகாரணம் அநேகமாக அந்த வீட்டுக்கு வெளியேதான் இருக்கிறது. இந்தச் சண்டையும் அப்படித்தான்.

பண்டிகை யாருக்காக?

முதலில் நம்முடைய தவறைச் சொல்லிவிடுவோம். பண்டிகை என்றாலே வீண் செலவு, வட்டிக் கடைக்காரனுக்கும் ஜவுளிக் கடைக்காரனுக்கும்தான் கொண்டாட்டம் என்று நாம் மேடைதோறும் பேசியிருக்கிறோம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. பத்து வட்டிக்குக் கடன் வாங்கிப் பட்டாசு வெடித்து, அடுத்த தீபாவளி வரை வட்டி கட்டியவர்களை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். ஆனால் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டது தவறு.

தஞ்சைச் சீமையில் பிறந்து திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவன், பெற்ற தாயை வருஷத்தில் எத்தனை தடவை பார்க்கிறான்? தீபாவளிக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு ஒரு தடவை. நூல் மில் விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண் தன் தங்கையின் தலையைப் பின்னிவிடுவது எப்போது? அதே இரண்டு தடவைதான். அவர்களுக்கு நரகாசுரன் கதை பெரிதல்ல. தாயின் கையால் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்ளும் நாள், குழந்தை அப்பன் மடியில் தூங்கும் நாள், ஷிப்டுச் சங்கு ஊதாத நாள்: அதற்குத்தான் அவர்கள் பண்டிகை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்த நாளும் யாரோ தானமாகக் கொடுத்ததல்ல. வேலைக்கு வராத நாளுக்குக் கூலி இல்லை என்பதுதான் முதலாளியின் பழைய நியாயம். 1958-இல்தான் சென்னை ராஜ்யத்தில் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் வந்தது. பண்டிகை நாளில் வீட்டில் இருந்தாலும் ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளம் உண்டு என்று சட்டப் புத்தகத்தில் ஏறியது. 1965-இல் போனஸ் சட்டம் வந்தது. லாபமோ நஷ்டமோ, குறைந்தபட்சப் போனஸ் கொடுத்தாக வேண்டும் என்று அது சொல்லிற்று; அந்தக் குறைந்தபட்சம் பின்னால்தான் 8.33 சதவிகிதமாக உயர்ந்தது. பண்டிகைக்கு வேண்டிய நாளும் பண்டிகைக்கு வேண்டிய பணமும் இப்படித்தான் ஆலைத் தொழிலாளியின் உரிமை ஆயின. விவசாயத் தொழிலாளிக்கு இந்த இரண்டுமே எட்டவில்லை. அவனுக்குப் பொங்கலன்று வேலை இல்லையென்றால் கூலியும் இல்லை.

நோய் கேட்டது என்ன?

நோய் நம்மிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கொஞ்ச காலம் விலகி இருங்கள், கூட்டம் கூடாதீர்கள், காய்ச்சல் கண்டவர் தனித்து இருங்கள் என்பதுதான் அது. வைத்தியர்கள் சொன்ன இந்த யோசனை சரியானது. கொரோனா வெறும் புரளி என்று பேசியவர்களோடு நமக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. புரளியா நம் தோழர்களைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோயிற்று?

ஜனங்கள் இதைக் கேட்க மாட்டார்கள், பண்டிகை என்றால் புத்தி கெட்டுப்போவார்கள் என்று படித்த பெரிய மனிதர்கள் ஏளனம் பேசினார்கள். ஜனங்களுக்கா தெரியாது? அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது யார் பழக்கம்? அந்த வீட்டுக்குள் வெளியார் நுழைவதில்லை. அந்த வீட்டில் தாளிப்பதில்லை, விசேஷம் வைப்பதில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் மற்றதெல்லாம். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊரை விட்டு வெளியே தங்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருந்தவர்கள் யார்? பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் அந்த வருஷம் தீபாவளியே இல்லை என்று ஒதுக்கி வைப்பவர்கள் யார்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயம்புத்தூரைப் பிளேக் நோய் சூறையாடியது. பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே அங்கே கோயில்கள் இருக்கின்றன. அம்மனால் நோய் போகும் என்பது அந்தக் கால நம்பிக்கை. அது வேறு விஷயம். நோய்க் காலத்தில் பண்டிகையைச் சுருக்கவும் தள்ளிவைக்கவும் நம் ஜனங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை என்பதே நாம் சொல்வது.

2020-இல் அவர்கள் அப்படியே நடந்தும் காட்டினார்கள். ஏப்ரல் 12-ந் தேதி ஈஸ்டர் வீட்டுக்குள். ஏப்ரல் 14 சித்திரை வருஷப் பிறப்பு வீட்டுக்குள். மே தினக் கொடியை நாமும் அவரவர் வீட்டு வாசலில்தான் ஏற்றினோம். மே 4-ந் தேதி மதுரை மீனாட்சி திருக்கல்யாணம் கூட்டமில்லாமல் கோயிலுக்குள்ளேயே முடிந்தது. ஜனங்கள் டெலிவிஷனில் பார்த்தார்கள்; பெண்கள் வீட்டிலேயே தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். அழகர் அந்த ஆண்டு வைகைக்கு வரவில்லை. மே 25-ந் தேதி ரம்ஜான் தொழுகையும் வீட்டில்தான். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், சங்கத்துக்காரர் எல்லோரும் தங்கள் பங்கைச் செய்தார்கள்.

அவர்கள் செய்தது என்ன?

அப்படியானால் தங்கள் பங்கைச் செய்யாதவர்கள் யார்?

2020 மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். நாலு மணி நேரத்தில் நாடு அடைபட்டது. மார்ச் 29-ந் தேதி, அடைபட்ட நாளுக்கும் சம்பளத்தைப் பிடிக்காமல் கொடுங்கள் என்று மத்திய சர்க்கார் முதலாளிகளுக்கு உத்தரவு போட்டது. நல்ல உத்தரவு! ஆனால் அது எத்தனை நாள் உயிரோடு இருந்தது? மே மாதம் 18-ந் தேதி முதல் அது இல்லாமல் போயிற்று. ஊரடங்கு மே 31 வரை நீண்டது. சம்பள உத்தரவு அதற்குள் செத்துப்போயிற்று. ரேஷன் கார்டுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள். ஒரு குடும்பம் ஆயிரம் ரூபாயில் எத்தனை நாள் உலை வைக்கும் என்று நம் பெண்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

பிறகு தீபாவளி வந்தது. 2020-இல் அது நவம்பர் 14. "ஆலை ஓடாத வருஷத்துக்குப் போனஸ் ஏது?" என்றார்கள் பல முதலாளிகள். நம் தோழர்களிலும் சிலர், நியாயம்தானே என்று தலையை ஆட்டிவிட்டார்கள். அங்கேதான் ஏமாந்தோம்! அந்தத் தீபாவளிக்குக் கொடுக்க வேண்டிய போனஸ் எந்தக் கணக்கு வருஷத்துக்கு? 2019 ஏப்ரல் முதல் 2020 மார்ச் முடிய. அந்த வருஷத்தில் ஆலை அடைபட்டது எத்தனை நாள்? மார்ச் 25 முதல் 31 வரை, ஏழே நாள்! மீதி நாளெல்லாம் கதிர் சுற்றியது, நூல் இறங்கியது, லாரி ஏறியது. ஏழு நாள் கதவடைப்பைக் காட்டி ஒரு வருஷத்து உழைப்பின் பங்கில் கை வைத்தார்கள். முதலாளி மட்டுமா? தமிழ்நாட்டுச் சர்க்காரும் தன் பொதுத்துறைத் தொழிலாளிக்கு முந்தைய வருஷம் கொடுத்த 20 சதவிகிதத்தை 10 சதவிகிதமாக வெட்டியது. சர்க்காரே வெட்டும்போது தனி முதலாளி சும்மா இருப்பானா?

நமக்குத் தெரிந்த ஒரு மில்லில், பெயர் வேண்டாம், நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள்: பண்டிகைக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்தால் பதினாலு நாள் கழித்துத்தான் உள்ளே விடப்படுவார்கள், அந்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. நோய் பரவாமல் இருக்கப் பதினாலு நாள் தனித்திருப்பது சரிதான். ஆனால் அதன் செலவு முழுவதும் தொழிலாளி தலையில் விழுவது எந்த நீதி? ஊருக்குப் போனால் அரை மாதச் சம்பளம் போகும். போகாவிட்டால் தாய் முகம் பார்க்க முடியாது. காய்ச்சல் என்று சொன்னால் வேலை போகும். சொல்லாமல் மறைத்தால் வீட்டில் உள்ளவர்கள் உயிருக்கு ஆபத்து. ஈ.எஸ்.ஐ. கார்டு உள்ளவனுக்காவது நோயில் படுத்தால் பாதிக்கு மேல் சம்பளம் உண்டு. காண்டிராக்ட் ஆளுக்கு என்ன உண்டு? வயலில் கூலிக்கு நிற்பவனுக்கு என்ன உண்டு?

பொங்கலுக்கு 2,500 ரூபாய் வந்தது, கரும்பும் வந்தது. ஆனால் 2021 ஜனவரி மழையில் டெல்டாவில் அறுப்புக்கு நின்ற சம்பா சாய்ந்துபோயிற்று. அறுப்பு இல்லாவிட்டால் விவசாயத் தொழிலாளிக்குப் பொங்கல் பானை ஏது? பரிசுப் பணம் பழைய கடனுக்குப் போயிற்று.

தோழர்களே, இப்போது அந்த அண்ணன் தம்பி சண்டையைத் திரும்பப் பாருங்கள். வராத அண்ணன் பாசமில்லாதவனா? தாய்க்கு நோய் தொற்றக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அறையில் கிடந்தான். அவன் செய்தது சரியான காரியம். வந்த தம்பி கொலைகாரனா? அவன் 2021 சித்திரையில், இரண்டாவது அலை எழும்பும் சமயத்தில், அடுப்பெரியாத அறையிலிருந்து தாய் வீட்டுக்குத்தான் வந்தான். அந்தக் காய்ச்சல் அவனோடுதான் வந்ததா, ரேஷன் கடை வரிசையில் வந்ததா, நடவுக்கு ஆள் ஏற்றிய வண்டியில் வந்ததா? யாருக்குத் தெரியும்? தெரியாத ஒன்றுக்காகக் கூடப் பிறந்தவனைத் தூக்கில் போடாதீர்கள். தெரிந்த ஒன்று இருக்கிறது. தங்கியிருக்கச் சம்பளம் கொடுத்திருந்தால் அவன் தங்கியிருப்பான். நோய் பண்டிகையைத் தள்ளிவைக்கச் சொன்னது. கூலியைப் பிடித்தவர்கள்தான் பண்டிகையைப் பறித்தார்கள்.

இனி?

அறிவாளிகள் சொல்கிறார்கள், இப்படிப்பட்ட நோய் இன்னும் வரும் என்று. அப்போதும் நாம் ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. சங்கங்கள் இன்றே எழுதிவைக்க வேண்டிய கோரிக்கைகள் உண்டு. நோய்க்காகத் தனித்திருக்கச் சொல்லும் ஒவ்வொரு நாளுக்கும் முழுச் சம்பளம் வேண்டும். உழைத்து முடித்த வருஷத்தின் போனசில் கை வைக்கக் கூடாது. நோயினால் பண்டிகைக்கு ஊர் போக முடியாதவர்களுக்கு, நோய் தணிந்த பிறகு அதே நாட்களைச் சம்பளத்தோடு மாற்று விடுமுறையாகக் கொடுக்க வேண்டும். விவசாயத் தொழிலாளிக்கும் பண்டிகை நாள் கூலியும், நோய் நாள் கூலியும் வேண்டும். இது பேராசையா? 1958-க்கு முன்னால் சம்பளத்தோடு தீபாவளி என்பதையும் பேராசை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

மாற்று விடுமுறை என்று நாம் சொல்வது புத்தகத்தில் படித்ததல்ல. திருப்பூரில் ஒரு தோழர் இருக்கிறார், மன்னார்குடிப் பக்கத்துக்காரர். 2020 தீபாவளிக்கு ஊர் போகவில்லை. விடியற்காலையில் செல்போனை ஜன்னலில் சாய்த்து வைத்து, தாய் பார்த்துக்கொண்டிருக்க, தன் தலையில் தானே எண்ணெய் வைத்துக்கொண்டார். "நல்லா தேய்ப்பா, காது பக்கம் விட்டுட்டே பாரு" என்று அந்த அம்மாள் அங்கிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். நோய் கொஞ்சம் தணிந்து, மாசி மாதம் அவர் ஊருக்குப் போனார். அன்று புதன்கிழமை, சாதாரண நாள். வாசலில் பெரிய கோலம். உள்ளே அதிரசம் சுடும் வாசனை. பெட்டியில் மூன்று மாதமாக எடுத்துவைத்திருந்த வேட்டியை அந்த அம்மாள் கொடுத்தார். "என்னம்மா இது, இன்றைக்கு என்ன நாள்?" என்று கேட்டார் தோழர். "நீ வந்த நாள்தான்டா தீபாவளி" என்றார் அந்த அம்மாள். அந்தப் பயணத்துக்குப் பிடித்தம் மூன்று நாள் சம்பளம்.

அந்தத் தாய்க்குத் தெரிந்தது சட்டம் போடுகிறவர்களுக்குத் தெரிய வேண்டும். தெரியவைப்பது நம் சங்கத்தின் வேலை. அதற்கு முன்னால் ஒவ்வொரு தோழரும் தன் வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இந்தத் தீபாவளிக்கு அந்த அண்ணன் வீட்டு வாசலில், அந்தத் தங்கை வீட்டு வாசலில் போய் நில்லுங்கள். பழைய கணக்கை அவர்களிடம் கேட்காதீர்கள். அந்தக் கணக்கு இருக்கும் இடம் வேறு. எல்லோரும் சேர்ந்து அங்கே போய்க் கேட்போம்.