ஒத்திகை இல்லாத நாடகம்

ஒத்திகை பார்க்காமல் மேடை ஏறும் நாடகக் குழு உலகில் உண்டா? நம் மன்றத்து ஆண்டு விழாவில் பத்து நிமிடம் நடிப்பதற்கே ஒரு மாதம் ஒத்திகை பார்க்கிறோம். ஆனால், நம் இளைஞர்கள் தங்கள் வாழ்க்கையின் பெரியதொரு காட்சியில் மட்டும் ஒத்திகையின்றி நுழைகிறார்கள். அக்காட்சிக்கு நேர்முகத் தேர்வு என்று பெயர். பதினாறு ஆண்டுப் படிப்பை இருபது நிமிடப் பேச்சு எடை போடுகிறது. அதற்குப் பாடத்திட்டம் இல்லை, பாடநூல் இல்லை, தோற்றவனுக்கு விடைத்தாளைத் திரும்பப் பார்க்கும் உரிமையும் இல்லை.

இத்தேர்வு நாள்தோறும் நடக்கும் ஊர் ஒன்று நமக்கு அருகிலேயே இருக்கிறது. கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனத் தலைவராயிருந்த ஆர். கே. பாலிகா கண்ட கனவு அது. 1970களின் இறுதியில், கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் என்னும் சிற்றூர்களில் 332 ஏக்கர் நிலத்தில் எழுந்த அந்த எலெக்ட்ரானிக் சிட்டியில், 1994இல் இன்போசிஸ் தன் தலைமையகத்தை அமைத்தது. 2010இல் மேம்பாலம் வந்தது. 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர்ச் சாலை வழியே பெங்களூர் வரும் பேருந்துகள் நகரை எட்டுமுன் இவ்விடத்தைக் கடக்கின்றன. விடியற்காலையில் அப்பேருந்துகளில் ஏறிப் பாருங்கள். கையில் சான்றிதழ்க் கோப்பும், கண்ணில் உறங்காத சிவப்புமாக, “டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்” என்பதற்கான விடையை உதட்டுக்குள் உருட்டிக்கொண்டு வரும் நம் தம்பிகளையும் தங்கைகளையும் காண்பீர்கள்.

ஒத்திகை எவர்க்குமே இல்லையா என்றால், அப்படியும் இல்லை. தந்தை அதிகாரியாகவும் தாய் பேராசிரியராகவும் உள்ள வீட்டில், உணவு மேசையே ஒத்திகை மேடை. அங்கு வளரும் பிள்ளை பத்து வயதிலேயே பெரியவர்களோடு ஆங்கிலத்தில் வாதாடப் பழகிவிடுகிறது. நெல் அறுக்கும் வீட்டிலும் தறி நெய்யும் வீட்டிலும் பிறந்த பிள்ளைக்கோ, “பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே” என்பதே பாடம். அந்த அடக்கத்தைத் தேர்வாளர் அறியாமை என்று குறித்துக்கொள்கிறார். ஆகவே, நேர்முகத் தேர்வு அறிவை மட்டும் அளக்கவில்லை. பிறந்த வீட்டையும் சேர்த்தே அளக்கிறது. என் குறை இதுதான்.

இக்குறையைத் தீர்க்க நான் சொல்லும் வழி சிலருக்குச் சிரிப்பை உண்டாக்கலாம். நம் மன்றம் ஒரு விடியோ விளையாட்டைத் தயாரிக்க வேண்டும். நேர்முகத் தேர்வைச் சொல்லித்தரும் விளையாட்டு. தமிழ்ப் பிள்ளைகளுக்கான விளையாட்டு.

“விளையாட்டா? உருப்படாமற் போக வேறு வழியா வேண்டும்?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். கேப்ஜெமினி போன்ற பெருநிறுவனங்கள் மாணவர்களை வடிகட்டுவதற்கே விளையாட்டு வடிவிலான தேர்வுகளை வைக்கின்றன. வேலை கொடுப்பவர் நம்மை அளக்க விளையாட்டு உதவும். வேலை தேடுபவர் கற்றுக்கொள்ள மட்டும் அது உதவாதா?

இது வெறுங்கனவும் அன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளுதவியுடன் 2011 முதல் 2014 வரை ‘டார்டிஸ்’ என்னும் திட்டம் நடந்தது. படிப்பும் இன்றி வேலையும் இன்றி நின்ற இளைஞர்கள், திரையில் தோன்றும் கற்பனைத் தேர்வாளரோடு பேசிப் பழகுவதற்கான விளையாட்டை அது உருவாக்கியது. ஜெர்மனியில் அவ்விளையாட்டை மாணவர்களிடம் சோதித்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். வழிகாட்டி நூலைப் படித்துத் தயாரானவர்களைவிட, விளையாடிப் பழகியவர்களுக்கே பயிற்சியாளர்கள் மேலான மதிப்பைத் தந்தார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிமார் சொன்னதைத்தான் அவர்கள் ஆய்ந்து கண்டார்கள்! அமெரிக்காவிலும் ‘மோலி போர்ட்டர்’ என்னும் கற்பனை அதிகாரியோடு பேசிப் பழகும் பயிற்சி, ஆட்டிசம் உள்ள இளைஞர்களுக்குப் பயன்பட்டதை 2014இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

நூல் நம்மைப் பார்த்துக் கேள்வி கேட்பதில்லை. நாம் திணறினால் காத்திருப்பதுமில்லை. விளையாட்டோ கேட்கும்; காத்திருக்கும்; நூறு முறை தோற்றாலும் நூற்றோராம் முறை கதவைத் திறக்கும். தோல்வி மலிவாகக் கிடைக்கும் இடத்தில்தான் துணிவு வளர்கிறது.

ஆனால், எப்படிப்பட்ட விளையாட்டும் நன்மை செய்யும் என்று நான் சொல்லவில்லை. மூன்று நிபந்தனைகள் வேண்டும்.

முதலாவது, அது வாயைத் திறக்க வைக்க வேண்டும். நான்கு விடைகளில் ஒன்றைத் தொட்டு மதிப்பெண் பெறுவது நமக்குப் புதிதன்று. கேள்வியின் உட்பொருளைத் தமிழில் விளக்கி, விடையைத் தமிழிலேயே சிந்திக்க வைத்து, பிறகு ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லவைக்க வேண்டும். சொன்னதைப் பதிவு செய்து திரும்பக் கேட்கச் செய்ய வேண்டும். தன் குரலைத் தானே கேட்பவனுக்கு வேறு ஆசிரியர் பாதிதான் தேவை.

இரண்டாவது, அது முகத்தை அளக்கக் கூடாது. புன்னகைக்கு இத்தனை, கண்ணோட்டத்திற்கு இத்தனை என்று புள்ளி போடும் இயந்திரங்கள் வந்தன. அத்தகைய முக ஆய்வை வேலைத் தேர்வில் புகுத்தியிருந்த அமெரிக்காவின் ஹயர்வியூ நிறுவனமே, கண்டனங்களுக்குப் பின் 2021இல் அதைக் கைவிட்டதாக அறிவித்தது. தலை குனிந்து பேசுவதை மரியாதை என்று பழகிய பெண்ணைத் தன்னம்பிக்கை அற்றவள் என்று ஓர் இயந்திரம் தீர்ப்புச் சொல்ல நாம் இடம் தரலாமா?

மூன்றாவதே தலையாயது. கேட்கத் தகாத கேள்விகளையும் அவ்விளையாட்டு கேட்க வேண்டும். என் தோழி ஒருத்தியை ஓர் அலுவலகத்தில், “திருமணம் எப்போது?” என்று கேட்டார்கள். இன்னொரு நண்பனிடம், “அப்பா என்ன செய்கிறார்? சொந்த ஊரில் எந்தத் தெரு?” என்று கேட்டார்கள். இவை தற்செயலா? டெல்லிப் பகுதியில் ஆளெடுக்கும் அதிகாரிகளிடம் பேசிச் சுரீந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 2007இல் எழுதிய கட்டுரை, திறமை ஒன்றையே பார்ப்பதாகச் சொல்பவர்களும் ‘குடும்பப் பின்னணி’யைக் கேட்பதை எடுத்துக்காட்டியது. அதே ஆண்டில் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும், நாளிதழ் விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்த முடிவை வெளியிட்டார்கள். தகுதி ஒன்றாயிருந்தும், தலித் பெயர்களுக்கும் முஸ்லிம் பெயர்களுக்கும் அழைப்பு வரும் வாய்ப்பு குறைந்திருந்தது.

இந்த உண்மையை மறைத்துவிட்டு, “கையை இப்படிக் குலுக்கு, காலணியை இப்படித் துலக்கு” என்று மட்டும் கற்பிக்கும் விளையாட்டு, குனியக் கற்பிக்கும் விளையாட்டேயாகும். தகாத கேள்வி வரும்போது, கோபமின்றி, குழைவுமின்றி, “என் பணிக்கு இது எவ்வாறு தொடர்புடையது, ஐயா?” என்று கேட்கவும், பேச்சைத் தன் திறமையின் பக்கம் திருப்பவும் அது பழக்க வேண்டும். அதோடு, ஆட்டத்தின் ஒரு சுற்றிலாவது விளையாடுபவன் தேர்வாளரின் நாற்காலியில் அமர வேண்டும். மூன்று விண்ணப்பங்கள், ஒரே இடம், அரைமணி நேரம். அங்கே அமர்ந்து பார்த்தால், எதிரில் இருப்பவர் தெய்வமும் அல்லர், அரக்கரும் அல்லர், அவசரத்தில் இருக்கும் ஒரு மனிதர் என்பது புரியும். அச்சத்தில் பாதி அப்போதே போய்விடும்.

“இதற்குப் பணம் எங்கே?” என்பீர்கள். கோடோ என்னும் விளையாட்டு ஆக்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. முன்பு அதில் தமிழ் எழுதினால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னே நிற்காமல் பின்னே போய் நிற்கும். 2023இல் வந்த நான்காம் பதிப்பில் அக்குறை நீங்கிவிட்டது. கணினித் துறை மாணவர் நால்வர், தமிழ்த் துறை மாணவர் இருவர், குரல் கொடுக்க நம் நாடகக் குழு, இவர்கள் போதும். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர்களான அண்ணன்மாரும் அக்காமாரும், தாங்கள் எதிர்கொண்ட கேள்விகளையும், இப்போது தாங்களே கேட்கும் கேள்விகளையும் எழுதித் தந்தால், அதைவிட நல்ல கதைவசனம் வேறெங்கே கிடைக்கும்? செய்து முடித்ததை நமக்குள் வைத்துப் பாராட்டிக்கொள்ளாமல், ஓசூரிலும் தருமபுரியிலும் பாலிடெக்னிக் பயிலும் பிள்ளைகளின் கைப்பேசியில் முதலில் ஓடவிட வேண்டும். அவர்கள் எங்கே சலிக்கிறார்களோ அங்கே நாம் திருத்த வேண்டும்.

ஒரு விளையாட்டால் ஒரு வேலையிடம்கூடப் புதிதாகப் பிறக்காது. அதை நான் அறிவேன். நூறு பேர் நிற்கும் வரிசையில் பத்து இடமே இருந்தால், ஒத்திகை பார்த்த தொண்ணூறு பேரும் வீடு திரும்பத்தான் வேண்டும். இடங்களைப் பெருக்குவது அரசின் கடமை. தொழில் நடத்துவோரின் கடமை. ஆயினும், திரும்புகிறவன் “நான் எதற்கும் உதவாதவன்” என்று எண்ணித் திரும்புவதற்கும், “இந்த இடத்தில் தவறினேன், அடுத்த முறை பார்த்துக்கொள்வேன்” என்று திரும்புவதற்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டை உண்டாக்குவது நம் கைக்கு எட்டிய செயல்.

தமிழ்நாட்டு அரசு 2022இல் ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கியது. அரசு செய்வதை அரசு செய்யட்டும். மன்றம் என்பது பொங்கல் வைக்கவும் பட்டிமன்றம் நடத்தவும் மட்டுமா? வரும் பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டு வருகிறேன். எதிர்ப்பவர்கள் வரட்டும், வாதிடுவோம். ஆதரிப்பவர்கள், தங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் மறக்க முடியாத ஒன்றைத் தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். வேலையை அன்றைக்கே தொடங்கிவிடலாம்.