மாணவர் ஆய்வு வயலுக்குத் திரும்பட்டும்

1960-களில் தஞ்சை மாவட்டத்தில் ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல் ரகம் பரவியது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான அந்த ரகத்துக்கு உழவர்கள் வைத்த பெயர் "ரேடியோ நெல்". திருச்சி வானொலி அதன் சாகுபடி முறைகளை எளிய தமிழில் திரும்பத் திரும்பச் சொன்னதே காரணம். கண்டுபிடித்த நிலையத்தின் பெயர் நிலைக்கவில்லை. எடுத்துச் சொன்ன கருவியின் பெயரே நிலைத்தது. ஆராய்ச்சி பாதி வேலை, அதை உழவரிடம் சேர்ப்பது மறு பாதி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அந்த மறு பாதி வேலைக்கு இன்று ஆள் பற்றாக்குறை. ஓர் உதவி வேளாண்மை அலுவலர் பல கிராமங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. விஞ்ஞானிகளோ ஆராய்ச்சி நிலையத்தை விட்டு அடிக்கடி வர இயலாதவர்கள். அதே நேரத்தில், கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வேளாண்மையும் தாவரவியலும் வேதியியலும் படிக்கிறார்கள். அவர்களில் பலர் சிறு விவசாயிகளின் வீட்டுப் பிள்ளைகள். இந்த இரண்டையும் இணைத்தால் மாணவருக்கும் வழி பிறக்கும், உழவருக்கும் பயன் கிடைக்கும்.

கிராமத்துக்கு வரும் மாணவர்கள்

வேளாண் பட்டப் படிப்பில் இறுதியாண்டு மாணவர்கள் கிராமத்தில் தங்கி உழவருடன் வேலை பழக வேண்டும். கிராமப்புற வேளாண் பணி அனுபவம் என்று பெயர் கொண்ட இத்திட்டத்தை, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் அமைத்த ரந்தாவா குழு 1992-இல் பரிந்துரைத்தது. மாணவர்கள் ஊரின் வரைபடம் போடுகிறார்கள். மண் வகை, நீர் ஆதாரம், பயிர்ச் சுற்று, வரவு செலவு எல்லாம் கேட்டு எழுதுகிறார்கள். விதை நேர்த்தி, பஞ்சகவ்யம் தயாரித்தல் போன்றவற்றைச் செய்து காட்டுகிறார்கள்.

இதெல்லாம் நல்லதே. குறை எங்கே என்றால், எழுதிய ஏடு கல்லூரிக்குப் போய்விடுகிறது. அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. மதிப்பெண் போட்ட பிறகு அலமாரிக்குள் போய்விடுகிறது. வேலை நேரத்தை ஒதுக்கி, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்ன விவசாயிக்கு, தன் ஊரைப் பற்றி என்ன எழுதினார்கள் என்பதே தெரிவதில்லை. அடுத்த ஆண்டு வேறு மாணவர்கள் வந்து அதே கேள்விகளைக் கேட்டால், "போன வருஷம் சொன்னதே என்ன ஆச்சு?" என்று அவர் கேட்பது நியாயம்தானே?

சொல்லும் ஆள் இல்லாவிட்டால்

செய்தி சேராவிட்டால் என்ன நேரும் என்பதைப் பப்பாளி மாவுப்பூச்சி கற்றுக் கொடுத்தது. 2008-இல் கோவைப் பகுதியில் தென்பட்ட இந்தப் பூச்சி, பப்பாளியை மட்டுமல்லாமல் மல்பெரி, மரவள்ளி முதலிய பயிர்களையும் பாழாக்கியது. உடல் மீது மெழுகு போர்த்திய பூச்சி அது; மருந்து எளிதில் உள்ளே இறங்காது. உழவர்கள் மருந்துக்கு மேல் மருந்து அடித்தும் கட்டுப்படவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவி தருவிக்கப்பட்டது. பெங்களூரில் உள்ள மத்திய பூச்சி ஆய்வு நிறுவனமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதைப் பெருக்கி வயல்களில் விட்டன. குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே பூச்சியைத் தின்று தீர்க்கும். சில மாதங்களில் பூச்சியின் ஆதிக்கம் ஒடுங்கியது.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை இருந்தது. குளவி விட்ட தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கக் கூடாது. அடித்தால் முதலில் சாவது குளவிதான். கண்ணெதிரே பயிர் வெள்ளையாய்ப் போர்த்திக் கிடக்கும்போது "மருந்து அடிக்காமல் பொறுத்திருங்கள்" என்று சொல்லி நம்ப வைப்பது லேசான காரியமா? துண்டுப் பிரசுரத்தால் அது முடியாது. தோட்டத்துக்கே வந்து, இலையைத் திருப்பி, குளவி குத்திய மாவுப்பூச்சி எப்படி இருக்கும் என்று காட்டும் ஆள் வேண்டும்.

2016-இல் பொள்ளாச்சித் தென்னையில் வந்த சுருள் வெள்ளை ஈக்கும் இதே கதைதான். என்கார்சியா என்ற ஒட்டுண்ணி தானாகவே பெருகி வந்தது. கண்டபடி மருந்து அடிப்பது அதையும் அழித்துவிடும் என்று சொல்ல வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட வேலைக்குப் பயிற்சி பெற்ற மாணவரைவிடத் தகுந்தவர் யார்? அவருக்கு உருப்பெருக்கிக் கண்ணாடியும் தெரியும், ஊர்ப் பேச்சும் தெரியும்.

ஐந்து சென்ட் ஆய்வு

மாணவர் செய்தி சொல்பவராக மட்டும் இருந்தால் போதாது. உழவருடன் சேர்ந்து சிறு ஆய்வும் செய்யலாம். பெரிய செலவு வேண்டாம். நெல்லுக்குத் தழைச்சத்து இடுவதற்கு இலை வண்ண அட்டை இருக்கிறது. நடவு செய்த 14-ஆம் நாள் முதல் வாரம் ஒரு முறை, பத்துச் செடிகளில் முழுதாக விரிந்த மேல் இலையை அட்டையுடன் ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3-க்கும், மற்ற ரகங்களுக்கு 4-க்கும் கீழே நிறம் இறங்கினால் மட்டும் யூரியா இட வேண்டும். வயலில் ஐந்து சென்ட்டில் அட்டைப்படியும், அடுத்த ஐந்து சென்ட்டில் வழக்கப்படியும் யூரியா இட்டு, இரண்டிலும் இட்ட உரத்தையும் கண்ட மகசூலையும் எடை போட்டுப் பார்த்தால் கணக்கு தானே பேசும்.

இங்கே மாணவர் உழவருக்கு இரண்டு விஷயங்களை விளக்க வேண்டும். ஒப்பிடும்போது ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். ரகம், நடவு நாள், தண்ணீர் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். அடுத்து, ஒரு வயலில் ஒரு போகம் கண்டதை வைத்து முடிவு கட்டக் கூடாது. நாலைந்து பேர் வயலில் செய்து பார்க்க வேண்டும். இந்த இரண்டும் புரிந்துவிட்டால், கடைக்காரர் "இதைப் போட்டால் இரட்டை மகசூல்" என்று சொல்லும் எதையும் உழவர் தாமே சோதித்துக்கொள்வார். ஒரு மாணவர் கிராமத்துக்கு விட்டுச் செல்லக்கூடிய பெரிய சொத்து இதுவே.

மண்வள அட்டையும் அப்படித்தான். 2015-இல் தொடங்கிய திட்டத்தில் அட்டை வாங்கியவர்கள் ஏராளம். அதில் உள்ள கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச் சத்து என்ற எண்களைப் படித்து, "உங்கள் வயலுக்கு இந்தப் போகம் இவ்வளவு போதும்" என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் அட்டை பெட்டியிலேயே கிடக்கும். வேதியியல் படித்த பிள்ளை ஒரு மாலை நேரம் திண்ணையில் உட்கார்ந்தால் பத்து அட்டைகளுக்கு விளக்கம் சொல்லிவிடலாம்.

படித்து முடித்தவர்களுக்கு

பட்டம் பெற்றதும் அரசு வேலை ஒன்றையே நம்பிக் காத்திருப்பவர்களுக்கு வேறு கதவுகளும் உண்டு. வேளாண் பட்டதாரிகள் ஊரிலேயே ஆலோசனை மையம் தொடங்க, 2002 முதல் மத்திய அரசின் வேளாண் மருத்துவமனைத் திட்டத்தில் 45 நாள் இலவசப் பயிற்சியும் மானியத்துடன் வங்கிக் கடனும் உண்டு. 2004-இல் தொடங்கிய உழவர் தொலைபேசி மையத்தில் (1800-180-1551) உழவரின் மொழியிலேயே பதில் சொல்பவர்கள் வேளாண் பட்டதாரிகள்தான். 1974-இல் புதுச்சேரியில் முதலில் தொடங்கிய வேளாண் அறிவியல் நிலையங்கள் இன்று பெரும்பாலான மாவட்டங்களில் இருக்கின்றன. ஆராய்ச்சித் திட்டங்களில் தற்காலிக உதவியாளர் பணிகளும் வருகின்றன. கலை அறிவியல் கல்லூரி மாணவர்களும் தம் ஆசிரியர் மூலம் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் மாணவர் ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்கலாம். தலைப்பை எங்கோ தேட வேண்டாம். அப்பாவின் கிணற்று நீரும் அம்மா வளர்க்கும் ஆடும் நல்ல தலைப்புகளே.

எழுத்துக்கும் இடம் உண்டு. ஆராய்ச்சி மாணவர்கள் தம் ஆய்வைப் பொதுமக்களுக்குப் புரியும்படி எழுதினால் பரிசு தரும் "அவ்சார்" திட்டத்தை மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2018-இல் தொடங்கியது. நல்ல முயற்சி, ஆனால் ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதத்தான் அழைப்பு வந்தது. தமிழ் உழவரின் வயலில் நடந்த ஆய்வைத் தமிழில் எழுதுபவருக்கு ஒரு பரிசு வேண்டாமா? மாநில அரசும் பல்கலைக்கழகங்களும் இதை ஏற்றுச் செய்யலாம்.

செய்ய வேண்டியவை

"சின்னப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? தவறாகச் சொல்லிவிட்டால் நட்டம் யாருக்கு?" என்ற அச்சம் பொய்யல்ல. இரண்டு ஏக்கர்காரருக்கு ஒரு போகம் போனால் ஓராண்டு போயிற்று. ஆகவே சில ஏற்பாடுகள் தேவை. மாணவர் தரும் பரிந்துரையில் ஆசிரியரின் கையெழுத்து இருக்க வேண்டும். ஆய்வுத் துண்டு ஐந்து சென்ட்டுக்கு மேற்படக் கூடாது. அதில் நட்டம் வந்தால் கல்லூரியே ஈடுகட்ட வேண்டும். கிராமத்தை விட்டுக் கிளம்பும் முன், கண்டதைத் தமிழில் நாலு பக்கம் எழுதி, கிராம சபையில் படித்துக் காட்ட வேண்டும். ஒரு பிரதி ஊராட்சியில் இருக்க வேண்டும். அதற்கும் சேர்த்தே மதிப்பெண் போட வேண்டும். மதிப்பெண் இல்லாத வேலையை எந்த மாணவரும் மனம் வைத்துச் செய்வதில்லை.

உழவர்களும் கேட்கப் பழக வேண்டும். மாணவர்கள் வந்தால், "எழுதுங்கள், ஆனால் முடிவை எங்களுக்கும் சொல்லிவிட்டுப் போங்கள்" என்று முதல் நாளே சொல்லிவிடலாம். விதைக்கிறவன் அறுவடையை எதிர்பார்ப்பது தவறில்லை. தன் அனுபவத்தையும் நேரத்தையும் விதைத்த உழவருக்கு, ஆய்வின் பலனில் பங்கு உண்டு. அந்தப் பங்கைக் கொடுக்கக் கற்றுக்கொண்ட மாணவரே நாளைக்கு நல்ல விஞ்ஞானியாவார்.