இணையப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது?

நம் நெசவாளர் வீடுகளிலும் விவசாயிகளின் வீடுகளிலும் இணைய வசதி பரவி வருகிறது. சேலையின் மாதிரியைத் தொலைவிலுள்ள வியாபாரிக்குக் காட்டுவதும், விளைபொருளின் சந்தை நிலவரத்தை அறிவதும், கூலியோ கொள்முதல் பணமோ வங்கிக் கணக்கில் சேர்ந்ததா என்று பார்ப்பதும் இன்று இதன் வழியாகவே நடைபெறுகின்றன. இவை யாவும் வீட்டுச் சுவரில் மாட்டியுள்ள ஒரு சிறு பெட்டிக்குள் புகுந்தே வெளியே செல்கின்றன. ரூட்டர் என்றும், மோடம் என்றும், வைஃபை பெட்டி என்றும் மக்கள் அழைக்கும் இப்பெட்டியின்பால் நம் அங்கத்தினர்கள் காட்டும் அசிரத்தையைக் குறித்து இம்மாதம் சில கருத்துக்களைக் கூற விரும்புகிறோம்.

பெட்டியைப் பொருத்த வரும் பணியாளர் அரைமணி நேரத்தில் வேலையை முடித்து, கடவுச்சொல் ஒன்றைச் சொல்லிவிட்டுச் செல்கிறார். கைபேசியில் படம் ஓடியதும் காரியம் முடிந்துவிட்டதாக வீட்டார் கருதுகின்றனர். ஆனால் இப்பெட்டிக்குப் பூட்டுகள் இரண்டு உண்டு. கைபேசியை இணைப்பதற்குரிய கடவுச்சொல் ஒன்று. பெட்டியின் அமைப்புகளையே மாற்றுவதற்குரிய கடவுச்சொல் மற்றொன்று. முதலாவதைப் பலரும் அறிவர். இரண்டாவது இருப்பதையே அறியாதவர் ஏராளம். அது பல பெட்டிகளில் தொழிற்சாலையில் வைத்தபடி ‘அட்மின்’ என்ற எளிய சொல்லாகவே இருந்துவிடுகிறது. அச்சொல்லை அறியாதவன் வீட்டுக்காரன் ஒருவனே, திருடன் நன்கறிவான்.

“எங்கள் வீட்டில் திருடுவதற்கு என்ன இருக்கிறது?” என்று அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். திருடனுக்கு வேண்டியது வீட்டிலுள்ள பொருளாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. பெட்டியே அவனுக்குப் போதும். 2016-ஆம் ஆண்டில் மிராய் என்ற தீய மென்பொருள் உலகெங்கும் பரவியது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொற்கள் சுமார் 60-ஐ ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, மாற்றப்படாத பெட்டிகளையும் காமிராக்களையும் அது கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அக்கருவிகளில் பலவற்றை ஏவி, டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தைத் தாக்கியதில், பெரிய இணையத்தளங்கள் பல மணிக்கணக்கில் முடங்கின. அடுத்த மாதம் அதே இனத்து மென்பொருள் மற்றொரு ஓட்டையைப் பயன்படுத்த முயன்றபோது, ஜெர்மனியில் சுமார் 9 லட்சம் வீடுகளின் பெட்டிகள் செயலிழந்தன. ஒருவர் தம் கதவைத் திறந்து போட்டால் தெரு முழுவதும் துன்புறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? மேலும், ஓர் இணைப்பின் வழியாகக் குற்றம் நடந்தால், அவ்விணைப்பு எவர் பெயரில் உள்ளதோ அவரை நாடியே விசாரணை முதலில் வரும்.

இது பெட்டியைச் செய்பவர்களின் பொறுப்பல்லவா என்ற கேள்வியும் எழலாம். அது நியாயமான கேள்வியே. எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல் வைத்து விற்பதை, 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 29 முதல் பிரிட்டன் சட்டத்தால் தடுத்துவிட்டது. அத்தகைய சட்டங்கள் எங்கும் வருவதை நாம் வரவேற்கிறோம். எனினும், இனிச் செய்யப்படும் பெட்டிகளைச் சட்டம் திருத்தலாம். சுவரில் ஏற்கெனவே தொங்குவதை வீட்டுக்காரரே திருத்தியாக வேண்டும்.

அதற்கு வேண்டிய வேலை சிறிதே. பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் 192.168 என்று தொடங்கும் முகவரி இருக்கும். அப்பெட்டியுடன் இணைந்த கைபேசியிலோ கணினியிலோ அதை இட்டால் அமைப்புப் பக்கம் திறக்கும். அங்கே இரண்டு கடவுச்சொற்களையும் மாற்றி, வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் குறித்து வைத்தல் வேண்டும். பாதுகாப்பு முறையில் டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெளியிலிருந்து பெட்டியை இயக்கும் வசதி தேவையின்றித் திறந்திருந்தால் மூடிவிட வேண்டும். விருந்தினருக்கென்று தனி இணைப்பு அமைக்க முடியுமானால் அமைப்பது நன்று. பெட்டியை இயக்கும் மென்பொருளுக்குப் புதிய திருத்தம் வந்துள்ளதா என்று மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பார்த்தல் அவசியம். கம்பெனி கொடுத்த பெட்டியாக இருந்து, அமைப்புப் பக்கம் திறவாவிடில், அவர்களையே அழைத்து மாற்றித் தரும்படி கேட்கலாம். இன்னொரு எச்சரிக்கை: பெட்டியின் பின்புறமுள்ள சிறு துளையில் ஊசியால் அழுத்தினால் எல்லா அமைப்பும் அழிந்து, பழைய கடவுச்சொல் திரும்பி வந்துவிடும்.

பராமரிப்பும் அத்தகையதே. தறிக்கூடத்தின் பஞ்சுத் தூசி பெட்டியின் காற்றுத் துளைகளை அடைத்தால் சூடு மிகும். வாரந்தோறும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். இரும்பு பீரோவின் பின்னே வைத்தால் அலை தடைப்படும். வீட்டின் நடுவே சற்று உயரத்தில் வைப்பதே முறை. சுவர்களைக் கடந்து தூரம் செல்ல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை ஏற்றது. அருகிலிருந்து வேகமாக இயங்க 5 கிகாஹெர்ட்ஸ் ஏற்றது. இணைப்பைக் கொண்டுவரும் கண்ணாடி இழையைக் கூர்மையாக மடித்தால் ஒளி கசிந்துவிடும். இழையின் அருமையை நெசவாளருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. எல்.ஓ.எஸ். என்று குறித்த விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை என்று பொருள். அப்போது பெட்டியை அணைத்து அணைத்துப் போடுவதால் பயனில்லை. இடி மின்னல் வேளையில் பிளக்கைக் கழற்றி வைப்பது நலம்.

இவை ஒவ்வொருவரின் சொந்த விவகாரம், சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று நிர்வாகக் கமிட்டியினர் சிலர் எண்ணலாம். அவ்வெண்ணத்தை நாம் ஏற்கவில்லை. அங்கத்தினரின் வியாபாரமும் பணமும் எந்த வழியே செல்கின்றனவோ, அந்த வழியைக் காப்பதும் சங்கத்தின் கடமையே. ஒவ்வொரு சங்கமும் அங்கத்தினர் குடும்பத்து இளைஞர் அல்லது யுவதி இருவரைத் தேர்ந்து இப்பயிற்சி அளிக்கட்டும். அவர்கள் வீடுவீடாகச் சென்று, வீட்டாரின் கையாலேயே கடவுச்சொல்லை மாற்றச் செய்யட்டும். கூட்டுறவுக் கல்வி நிதிக்கு லாபத்தில் பங்கு செலுத்தும் நாம், அக்கல்வியில் இதையும் சேர்க்கும்படி கேட்க உரிமையுடையோம்.

ஆனால் ஒரு விஷயத்தில் சங்கம் உறுதியாக இருத்தல் வேண்டும். அங்கத்தினரின் கடவுச்சொற்களைப் பட்டியலிட்டு அலுவலகத்தில் வைக்கும் வழக்கம் எக்காரணத்தாலும் தொடங்கக் கூடாது. ஊரார் சாவிகளெல்லாம் ஒரே ஆணியில் தொங்கினால், ஆணியைக் கண்டவன் ஊரையே திறந்துவிடுவான். பூட்டும் முறையைச் சங்கம் கற்பிக்கட்டும். சாவி வீட்டாரிடமே இருக்கட்டும். வரும் பொதுச்சபைக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவந்து நிறைவேற்ற வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.