புத்தகம் கொடுத்தோம்; பிள்ளை ஓதினானா?





சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் ஓதிக்கொடுக்கும் மக்தப் மதரஸாவுக்கு வெளிநாட்டில் பணிபுரியும் சகோதரர் ஒருவர், நாற்பது பிள்ளைகளுக்கும் புதிய பாடநூல்கள் வாங்கி அனுப்பினார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக. அட்டை கசங்காத நூல்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பிள்ளைகள் வீடு திரும்பியதைக் கண்டு, இனி இவர்கள் நன்றாக ஓதிவிடுவார்கள் என்று நானும் நம்பினேன்.

நான்கைந்து மாதங்கள் கழிந்தன. ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு பத்து வயதுப் பையன் ஒருவனைத் தனியே அழைத்து, நூலின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து ஓதச் சொன்னேன். அவன் தயங்காமல் ஓதினான். ஆனால் அவன் ஓதியது அந்தப் பக்கத்தில் இருந்த பாடமன்று. முதல் பக்கத்துப் பாடம். விரலை எழுத்தின் மீது வைத்து ஓதச் சொன்னபோது, விரல் ஓரிடத்திலும் வாய் ஓரிடத்திலும் சென்றன. இரண்டு ஆண்டுகளாக அவன் எழுத்தைக் கற்கவேயில்லை. மற்றப் பிள்ளைகளின் ஓசையைக் கேட்டு மனனம் செய்திருக்கிறான். வகுப்பு முழுவதும் உரத்த குரலில் ஓதும்போது அவனுடைய குரலும் அதில் கலந்திருந்தது. எனக்கு வேறுபாடு தெரியவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. புதிய நூலில் குறையில்லை. அந்தப் பிள்ளையை ஒரு தடவைகூடத் தனியே ஓதவைத்துப் பார்க்காத ஆசிரியரிடமே குறை இருந்தது.

அதன் பிறகுதான், வளரும் நாடுகளில் கல்விக்குச் செலவிடப்படும் பொருள் உண்மையில் கல்வியாக மாறுகிறதா என்று ஆராய்ந்த அறிஞர்களின் ஆய்வுகளைத் தேடிப் படிக்கலானேன். மதரஸா ஆசிரியனுக்குப் பொருளியல் ஆய்வு எதற்கு என்று சிலர் வினவலாம். அந்த ஆய்வுகள் பேசியது என் வகுப்பறையின் பின்வரிசையைப் பற்றித்தான்.

செல்வம் மிகுந்த நாட்டில் கல்வி தானாகவே செழிக்கும் என்று நாம் எண்ணுகிறோம். ஐஸ்லாந்து நாட்டுப் பொருளியல் அறிஞர் தோர்வால்தூர் கில்ஃபாசன் 2001-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் இதற்கு மாறான நிலையைச் சுட்டிக்காட்டினார். பல நாடுகளை ஒப்பிட்டபோது, இயற்கை வளத்தைப் பெரிதும் சார்ந்திருக்கும் நாடுகள் கல்வியில் பின்தங்கும் போக்கு காணப்பட்டது. மண்ணிலிருந்து எடுக்கும் செல்வம் கையில் இருக்கும்போது, மனிதர்களை வளர்க்க வேண்டும் என்ற அவசரம் ஆட்சியாளர்களுக்கு எழுவதில்லை என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. இது மாற்ற முடியாத விதியன்று என்பதையும் அறிய வேண்டும். எடுத்துக்காட்டாக, உலகில் முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் இந்தோனேசியாவைக் கூறலாம்.

1973-ஆம் ஆண்டு எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்தபோது இந்தோனேசிய அரசுக்குப் பெரும் வருவாய் கிடைத்தது. அதில் ஒரு பகுதியைக் கொண்டு 1973-க்கும் 1979-க்கும் இடையில் 61,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளை அந்நாடு கட்டியது. எந்த மாவட்டத்தில் பள்ளிக்குச் செல்லாத பிள்ளைகள் அதிகமோ அந்த மாவட்டத்துக்கு அதிகப் பள்ளிகள் என்பது விதி. கட்டடத்தோடு நில்லாமல் ஆசிரியர்களையும் பயிற்சியளித்து நியமித்தனர். 7 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளில் பள்ளியில் சேர்ந்தோர் 1973-இல் 69 விழுக்காடு. 1978-இல் 83 விழுக்காடு. பின்னாளில் எஸ்தர் டுஃப்லோ என்ற பொருளியல் அறிஞர், அப்பள்ளிகளில் பயிலும் வாய்ப்புப் பெற்றவர்கள் வளர்ந்து ஆளான பின் எவ்வாறு வாழ்கிறார்கள் என்று ஆராய்ந்தார். பள்ளிகள் மிகுதியாகக் கட்டப்பட்ட பகுதிகளில் பிறந்தவர்கள் கூடுதல் ஆண்டுகள் படித்திருந்தனர். கூடுதல் ஊதியமும் ஈட்டினர். ஆகவே கட்டடத்துக்குச் செலவிடுவதே வீண் என்று நான் கூறவில்லை. பள்ளியே இல்லாத ஊரில் பள்ளியைக் கட்டுவது பெரும் பணி.

ஆனால் பள்ளியும் இருக்கிறது, பிள்ளையும் வருகிறான் என்ற நிலைக்குப் பிறகு என்ன செய்வது? இங்கேதான் நம்முடைய ஊகங்கள் பிழைபடுகின்றன.

ஆப்பிரிக்காவின் மேற்குக் கென்யாவில், பூசியா, தேசோ ஆகிய மாவட்டங்களின் கிராமப்புறப் பள்ளிகளில் 1990-களில் பாடநூல் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. ஒரு நூலைப் பல பிள்ளைகள் பகிர்ந்து படித்தனர். தொண்டு நிறுவனம் ஒன்று 100 பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, 1996-இல் அவற்றுள் 25 பள்ளிகளுக்கு முதலில் நூல்களை வழங்கியது. எந்தப் பள்ளிக்கு முதலில் என்பதில் ஒருதலைச் சார்பு இல்லாதபடி பார்த்துக்கொண்டனர். அதனால் நூல் பெற்ற பள்ளிகளையும் பெறாதவற்றையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. பால் கிளேவே, மைக்கேல் கிரேமர், சில்வி மூலான் ஆகியோர் அந்த முடிவுகளை ஆராய்ந்தனர். நூல்கள் வந்த பின்னும் பிள்ளைகளின் சராசரித் தேர்ச்சி உயரவில்லை. முன்பே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் மட்டும் மேலும் முன்னேறினர்.

காரணம் எளியது. பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அப்பிள்ளைகளுள் பலருக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. வீட்டில் ஒரு மொழி, ஊர்ப் பொதுவில் சுவாஹிலி, அதற்குப் பிறகுதான் ஆங்கிலம். நூலைத் திறந்தாலும் அதை வாசிக்கும் திறன் பெரும்பான்மையோருக்கு இல்லை. பாடத்திட்டம் முன்வரிசைப் பிள்ளைகளுக்கென்று எழுதப்பட்டிருந்தது. நூலும் அவர்களுக்கே பயன்பட்டது. இந்த ஆய்வைப் படித்தபோது, முதல் பக்கத்துப் பாடத்தை ஒப்பித்த அந்தப் பையனின் முகம்தான் என் கண்முன் நின்றது.

இது கென்யாவுக்கு மட்டும் உரிய நோயன்று. 2019-இல் உலக வங்கி வெளியிட்ட கணக்கின்படி, குறைந்த வருவாயும் நடுத்தர வருவாயும் உள்ள நாடுகளில் 10 வயதுப் பிள்ளைகளில் 53 விழுக்காட்டினர் ஓர் எளிய பகுதியை வாசித்துப் பொருள் கொள்ள இயலாத நிலையில் இருந்தனர். அவர்களுள் பலர் பள்ளியில் சேர்ந்தவர்கள். வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள்.

இனி நமது நாட்டுக்கு வருவோம். 2001 முதல் 2003 வரை மும்பையிலும் வடோதராவிலும் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் ஒரு முயற்சியை மேற்கொண்டது. அந்தந்தப் பகுதியில் வாழும், பள்ளிப் படிப்பை முடித்த இளம் பெண்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி அளித்து, அரசுப் பள்ளிகளுக்கு அனுப்பினர். அவர்களுக்கு ‘பால்சகி’ என்று பெயர். ‘பிள்ளைகளின் தோழி’ என்று பொருள். மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகள் 15 முதல் 20 பேரை நாள்தோறும் இரண்டு மணி நேரம் தனியே அழைத்துச் சென்று, விட்டுப்போன அடிப்படை எழுத்தையும் கணக்கையும் கற்பிப்பதே அவர்கள் பணி. மாத ஊதியம் ஆயிரம் ரூபாய்க்கும் குறைவு. அபிஜித் பானர்ஜியும் டுஃப்லோவும் உடனிருந்த ஆய்வுக் குழு இதனை அளந்தது. தேர்ச்சி தெளிவாக உயர்ந்தது. அந்தப் பயன் பெரிதும் பின்தங்கிய பிள்ளைகளையே சென்றடைந்தது. வறுமை ஒழிப்பில் இத்தகைய கள ஆய்வு முறையை வளர்த்தமைக்காகவே பானர்ஜி, டுஃப்லோ, கிரேமர் ஆகிய மூவருக்கும் 2019-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நமது தமிழ்நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டுப் பிள்ளைகள் கற்றதை மறந்திருந்தபோது, 2021-இல் அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைத் தொடங்கியது. தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலை நேரங்களில் தெருத் திண்ணைகளிலும் பொது இடங்களிலும் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தனர். ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை அளந்து ஆராய்ந்தவர்கள், பள்ளி திறந்த ஆறு மாதங்களில் இழந்த கல்வியில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இத்திட்டத்தால் விளைந்தது என்றும் கண்டனர். உங்கள் வீட்டுப் பெண்களுள் சிலரும் அதில் பங்காற்றியிருக்கக் கூடும்.

பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே பிரித்தால் அவர்கள் மனம் புண்படாதா, இன்னும் பின்னடைய மாட்டார்களா என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. கென்யாவில் 2005-இல் 121 பள்ளிகளுக்குக் கூடுதலாக ஓர் ஆசிரியர் வழங்கப்பட்டு, முதல் வகுப்பு இரண்டாகப் பிரிக்கப்பட்டது. பாதிப் பள்ளிகளில் பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பார்த்துப் பிரித்தனர். மறுபாதியில் அவ்வாறு பாராமல் பிரித்தனர். நிலை பார்த்துப் பிரித்த பள்ளிகளில் மேல்நிலைப் பிள்ளைகளும் முன்னேறினர், கீழ்நிலைப் பிள்ளைகளும் முன்னேறினர். எதிரில் இருக்கும் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்பது ஆசிரியருக்குத் தெரிந்தால், அவர் அங்கிருந்து தொடங்குவார். எனினும் பிரிப்பதில் ஒரு நிபந்தனை உண்டு. அந்தப் பிள்ளையை ‘மக்கு’ என்று ஒருவரும் அழைக்கக் கூடாது. எழுத்தைப் பற்றிக்கொண்டதும் அவன் மற்றவர்களோடு சேர வேண்டும். பிரித்துவிட்டு மறந்துபோனால் அது அநீதி.

சகோதரர்களே! பொருளைவிடக் கற்பித்தலை மேலாக மதித்தது நமக்குப் புதிதன்று. ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டு பத்ருப் போருக்குப் பின், ஈட்டுத் தொகை செலுத்த இயலாத, எழுதத் தெரிந்த கைதிகள், மதீனாவின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு புகட்டுவதையே ஈடாகக் கொண்டு விடுவிக்கப்பட்டனர் என்று நபி (ஸல்) அவர்களின் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஒவ்வொருவரும் பத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அன்று மதீனத்து முஸ்லிம்கள் வறுமையில் இருந்தவர்கள். பணம் தேவையில்லாதவர்கள் அல்லர். ஓர் ஆசிரியர், பத்துப் பிள்ளைகள் என்ற அந்த அளவையும் கவனியுங்கள். இன்று நம் மக்தபுகளில் ஓர் உஸ்தாதுக்கு எத்தனை பிள்ளைகள்?

நமது மஹல்லாக்களில் மதரஸாவுக்கு நன்கொடை தரும் கைகள் குறைவில்லை, அல்ஹம்துலில்லாஹ். தரைக்குப் பளிங்கு வேண்டும் என்றால் ஒரே ஜும்ஆவில் தொகை சேர்ந்துவிடுகிறது. ஓதிக்கொடுக்கும் ஆசிரியருக்கு உதவியாக இன்னொருவரை நியமிக்க வேண்டும் என்றால், ‘அடுத்த ஆண்டு பார்ப்போம்’ என்ற விடை வருகிறது. கல்வெட்டில் பெயர் பொறிக்கத்தக்க செலவுகளுக்கு முன்வருகிறோம். பொறிக்க இயலாத செலவுகளை ஒத்திவைக்கிறோம். நான் யாரையும் குறைகூறவில்லை. புதிய நூல்கள் வந்த அன்று நானும் அதே மயக்கத்தில்தான் இருந்தேன்.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது ஆசிரியர்களுக்கு. ஷவ்வாலில் புதிய ஆண்டு தொடங்கும்போது, ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து ஐந்து நிமிடம் ஓதச் சொல்லிக் கேளுங்கள். முன்பே மனனமான பாடம் வேண்டாம்; நடுவிலிருந்து ஒரு பக்கம் போதும். எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் நிற்கிறான் என்று ஏட்டில் குறித்துக்கொள்ளுங்கள். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு வாரத்தில் முடிந்துவிடும் வேலை இது.

இரண்டாவது ஜமாஅத் நிர்வாகிகளுக்கு. அடுத்த கட்டட வேலைக்கு முன்னர், உதவி ஆசிரியர் ஒருவரின் ஓராண்டு ஊதியத்தை ஒதுக்குங்கள். மஹல்லாவிலேயே ஆலிமா பட்டம் பெற்ற பெண்களும் பள்ளி இறுதி முடித்த பெண்களும் இருக்கிறார்கள். பின்தங்கிய பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேரை அவர்களிடம் ஒப்படையுங்கள்.

மூன்றாவது பெற்றோர்களுக்கு. ‘இன்று மதரஸாவுக்குப் போனாயா?’ என்று மட்டும் கேட்காமல், மாதம் ஒரு தடவையேனும் பிள்ளையை அருகில் அமர்த்தி, விரல் வைத்து ஓதச் சொல்லுங்கள். பள்ளிக்கூடப் பாடத்துக்கும் இதையே செய்யுங்கள். உங்களுக்கு ஓதவோ படிக்கவோ தெரியாவிட்டாலும், விரலும் வாயும் ஒன்றாகச் செல்கின்றனவா என்பதைக் கண்ணால் காணலாம்.

அந்தப் பையனைப் பற்றிக் கூறி முடிக்கிறேன். அடுத்த நாள் முதல் அவனையும் அவனைப் போன்ற இன்னும் ஆறு பிள்ளைகளையும் அஸருக்குப் பிறகு அரை மணி நேரம் தனியே வைத்து, அலிஃபிலிருந்து மீண்டும் தொடங்கினேன். புதிய நூல்களை எடுக்கவில்லை. கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் போதுமானவையாக இருந்தன. எட்டு மாதங்களில் அவன் தானே எழுத்துக்கூட்டி ஓதத் தொடங்கினான். ஏழு பேரில் இருவருக்கு அதற்கும் மேலே காலம் பிடித்தது. ஒருவன் இடையிலேயே நின்றுவிட்டான். அவனைத் தேடி வீட்டுக்குச் செல்ல நான் தாமதித்துவிட்டேன். நம் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகள் அமானிதம். அவர்களுக்கு எத்தனை நூல் கொடுத்தோம் என்பதோடு, அவர்களுள் எத்தனை பேர் ஓதினார்கள் என்பதும் நம்மிடம் கேட்கப்படும்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் பயன்தரும் கல்வியை வழங்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.